ஷாட்கி டையோடில் முறிவு மின்னழுத்தமும் கசிவு மின்னோட்டமும்: ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

உலோகமும் குறைகடத்தியும் தொடும் இடத்தில் தோன்றும் மின்னழுத்த அரணை அடிப்படையாகக் கொண்டு இயங்குவது ஷாட்கி டையோடு. அது தாங்கக்கூடிய பின்னோக்கு மின்னழுத்தத்தை முறிவு மின்னழுத்தம் என்றும், அந்நிலையில் அதன்வழி ஒழுகும் சிறு மின்னோட்டத்தைக் கசிவு மின்னோட்டம் என்றும் வழங்குவர். பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனிப் பண்புகளாகப் பிரித்துக் கூறுகின்றன. 1874 முதல் 2001 வரையிலான வளர்ச்சியை நோக்கினால், இவ்விரண்டும் உலோகத் தொடுபரப்பில் நிலவும் மின்புலத்தின் இருவேறு வெளிப்பாடுகள் என்பது புலனாகிறது. பி–என் சந்தி இல்லாமையே சிறப்பாகக் கருதப்பட்ட இக்கருவி, தன் குறையைக் களைவதற்குப் பி–என் சந்தியையே படிப்படியாகத் தன்னுள் ஏற்றுக்கொண்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: ஷாட்கி டையோடு, முறிவு மின்னழுத்தம், கசிவு மின்னோட்டம், பிம்ப விசை, காப்பு வளையம், சிலிக்கன் கார்பைடு.

முன்னுரை

குறைகடத்திக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் டிரான்சிஸ்டரை மையமாக வைத்தே எழுதப்பட்டுள்ளது. அவ்வரலாற்றில் உலோகத் தொடுகை ஒரு முன்னுரை போலவே வந்து போகிறது. ஆனால் குறைகடத்திக் கருவிகளுள் காலத்தால் மூத்தது உலோகத் தொடுகையே. இன்றும் கணினிகளின் மின்வழங்கிகளிலும் சூரிய மின்னாற்றல் மாற்றிகளிலும் அது பணியாற்றி வருகிறது. முன்னோக்கு நிலையில் அதன் மின்னழுத்த வீழ்ச்சி குறைவு. சிறுபான்மை மின்னூட்டங்கள் தேங்காமையால் அது விரைந்து நிலைமாறும். இவ்விரு நன்மைகளுக்கும் விலையாக அமைவது பின்னோக்கு நிலையின் மெலிவு.

இம்மெலிவுக்குக் காரணம் எது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை கூறப்பட்டது. படிகத்தின் மாசு, கோட்பாட்டின் பிழை, பரப்பின் இயல்பு, தொடுகையின் வடிவம், பொருளின் வரம்பு என்று அவ்விடைகள் மாறிவந்தன. எந்த விடை எப்போது ஏற்கப்பட்டது, எந்தச் சான்றால் மாற்றப்பட்டது என்பதை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது.

கோட்பாட்டிற்கு முந்தைய காலம்

1874ஆம் ஆண்டு ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன், உலோக சல்பைடுப் படிகங்களைக் கூரிய உலோக முனையால் தொட்டபோது மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் அரிதாகவும் செல்வதைக் கண்டு வெளியிட்டார். ஓம் விதிக்கு ஒவ்வாத இந்நடத்தைக்கு அன்று விளக்கம் இல்லை. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனாப் படிகத்தை மின்காந்த அலைகளை உணரப் பயன்படுத்தினார். 1901இல் அவர் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904இல் வழங்கப்பட்டது. 1906இல் பிக்கார்டு சிலிக்கன் உணரிக்குக் காப்புரிமை பெற்றார். இக்கருவிகள் கையாண்டவை வானொலி அலையின் நுண்ணிய மின்னழுத்தங்களையே. ஆகையால் அவை எவ்வளவு மின்னழுத்தத்தைத் தாங்கும் என்ற கேள்வியே அக்காலத்தில் எழவில்லை.

1920களில் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசையாக மாற்றும் தாமிர ஆக்சைடுத் திருத்திகள் பரவியபோது அக்கேள்வி எழுந்தது. ஒரு தட்டு சில வோல்ட்டுகளை மட்டுமே தாங்கியதால், வேண்டிய மின்னழுத்தத்திற்கு ஏற்பப் பல தட்டுகளைத் தொடராக அடுக்கினர். முறிவு மின்னழுத்தம் என்ற கருத்து ஆய்வேட்டில் இடம்பெறும் முன்பே, அடுக்கின் உயரமாகத் தொழிற்சாலையில் உருப்பெற்றிருந்தது எனலாம்.

அரண் கோட்பாடும் அதன் எதிர்பார்ப்பும்

வால்டர் ஷாட்கி 1886இல் சூரிச்சில் பிறந்தவர். மாக்ஸ் பிளாங்கின் மாணவராக பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றவர். 1914இல் அவர் வெற்றிடக் குழாய்களை ஆராய்ந்தபோது, சூடான உலோகத்தின் பரப்பில் மின்புலம் மிகுந்தால் எலக்ட்ரான் உமிழ்வும் மிகுவதைக் கண்டார். உலோகத்தை விட்டு விலகும் எலக்ட்ரானைப் பிம்ப விசை பின்னிழுக்கிறது. புறமின்புலம் அவ்விசையோடு சேர்ந்து, எலக்ட்ரான் கடக்கவேண்டிய அரணின் உயரத்தைச் சற்றே தாழ்த்துகிறது. இது ஷாட்கி விளைவு எனப் பெயர் பெற்றது.

குறைகடத்தித் தொடுகைக்குக் குவாண்டம் இயக்கவியல் வழியாக விளக்கம் தர 1932இல் வில்சன் உள்ளிட்ட சிலர் முயன்றனர். எலக்ட்ரான்கள் மெல்லிய அரணை ஏறிக் கடப்பதில்லை, ஊடுருவிச் செல்கின்றன என்பது அவர்களது கருத்து. ஆனால் அக்கோட்பாடு மின்னோட்டம் எளிதாகச் செல்லும் என்று கூறிய திசை, அளவீட்டில் கண்ட திசைக்கு நேரெதிராக இருந்தது. எனவே அது கைவிடப்பட்டது. 1938இல் சீமென்ஸ் நிறுவனத்தில் ஷாட்கியும், பிரிஸ்டலில் நெவில் மாட்டும் தனித்தனியே வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். அரண் தடித்தது, எலக்ட்ரான்கள் வெப்ப ஆற்றலால் அதனை ஏறிக் கடக்கின்றன என்பது அவ்விளக்கம். அரண் பகுதியில் மாசு அணுக்களின் மின்னூட்டம் பரவியிருப்பதாக ஷாட்கி கொண்டார். மாட் அப்பகுதியை மின்னூட்டமற்றதாகக் கொண்டார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கதிர்வீச்சு ஆய்வகத்திற்காக 1942இல் எழுதிய அறிக்கையில் ஹான்ஸ் பெத்தே, இதனை வெப்ப அயனி உமிழ்வுக் கோட்பாடாக வகுத்தார்.

இக்கோட்பாடு பின்னோக்கு மின்னோட்டத்தைப் பற்றித் தெளிவான ஒரு முன்கணிப்பைத் தந்தது. உலோகத்திலிருந்து அரணை ஏறி வரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அரணின் உயரத்தையும் வெப்பநிலையையும் மட்டுமே சார்ந்தது. ஆகவே கசிவு மின்னோட்டம் மின்னழுத்தத்தைச் சாராமல் நிலையாக இருக்கவேண்டும். அளவீட்டில் அது நிலையாக இல்லை. மின்னழுத்தம் கூடக் கூடக் கசிவும் கூடியது. கோட்பாட்டிற்கும் அளவீட்டிற்கும் இடையே தோன்றிய இவ்விடைவெளியே அடுத்த முப்பதாண்டு ஆய்வின் களமாயிற்று.

போர்க்காலமும் ஜெர்மானியமும்

இரண்டாம் உலகப்போரில் ரேடார்க் கருவிகளின் நுண்ணலை உணரிகளாகச் சிலிக்கன் முனைத்தொடுகை டையோடுகள் பெருமளவில் உற்பத்தியாயின. அவை தாங்கிய பின்னோக்கு மின்னழுத்தம் சில வோல்ட்டுகளே. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கார்ல் லார்க்–ஹோரோவிட்ஸ் தலைமையிலான குழு ஜெர்மானியத்தை ஆராய்ந்தது. அக்குழுவில் ஆய்வு மாணவராக இருந்த சீமோர் பென்சர், 100 வோல்ட்டுக்கும் மேல் தாங்கும் ஜெர்மானியத் தொடுகைகளைக் கண்டறிந்தார். இவரே பின்னாளில் மூலக்கூறு உயிரியலில் புகழ்பெற்ற பென்சர்.

பொருளின் தூய்மையையும் சேர்க்கும் மாசின் வகையையும் கட்டுப்படுத்தினால் தாங்குதிறன் உயரும் என்பதை இக்கண்டுபிடிப்பு உணர்த்தியது. அதன் பயனாக, மெலிவுக்குக் காரணம் பொருளே என்ற கருத்து வலுப்பெற்றது. 1947இல் ஜான் பார்டீன் பரப்பு நிலைகள் குறித்த கோட்பாட்டை வெளியிட்டார். அரணின் உயரம் உலோகத்தின் வெளியேற்று ஆற்றலைப் பெரிதும் சாராதிருப்பது ஏன் என்பதற்கு அது விடை தந்தது. அதன்பின் விளங்காத கசிவுகள் பலவற்றிற்கும் பரப்பே காரணமாகக் காட்டப்பட்டது.

முறிவு என்பது யாது?

முறிவு பற்றிய சிந்தனை வேறொரு வழியில் வளர்ந்தது. 1934இல் கிளாரன்ஸ் செனார், மிகுந்த மின்புலத்தில் எலக்ட்ரான்கள் ஆற்றல் இடைவெளியை ஊடுருவுவதால் திண்மக் காப்பான்கள் முறிவடைகின்றன என்றார். 1953இல் பெல் ஆய்வகத்தில் மெக்கே, மெக்காஃபி ஆகியோர் சிலிக்கன், ஜெர்மானியம் பி–என் சந்திகளில் மின்னூட்டப் பெருக்கத்தை அளந்து காட்டினர். விரைந்தோடும் எலக்ட்ரான் ஒன்று அணுவில் மோதிப் புதிய எலக்ட்ரான்–மின்துளை இணையைத் தோற்றுவிக்கிறது. அவையும் மோதி மேலும் பலவற்றைத் தோற்றுவிக்கின்றன. இதுவே சரிவு முறிவு. பி–என் சந்தியில் இம்முறிவு கூர்மையானது. ஒரு மின்னழுத்தம் வரை மின்னோட்டம் ஏறக்குறைய சுழி. அதைத் தாண்டினால் செங்குத்தாக ஏறும்.

உலோகத் தொடுகையில் அத்தகைய கூர்மை தென்படவில்லை. கசிவு மெல்ல மெல்ல வளர்ந்து, எங்கே கசிவு முடிந்தது, எங்கே முறிவு தொடங்கியது என்று பிரிக்கவியலாத வளைகோடே கிடைத்தது. அதனால், கசிவு குறிப்பிட்ட ஓர் அளவை எட்டும் மின்னழுத்தத்தையே முறிவு மின்னழுத்தம் எனக் கொள்ளும் அளவீட்டு வழக்கம் ஏற்பட்டது. இவ்வழக்கத்தில் முறிவு என்பது இயற்பியல் நிகழ்வு அன்று. கசிவைக் கொண்டு வரையறுக்கப்பட்ட ஓர் எல்லை. பழைய அளவீடுகளை ஒப்பிடும் ஆய்வாளர், முறிவு எனக் குறிக்கப்பட்டது சரிவு முறிவா, கசிவின் எல்லையா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

விளிம்பைக் கண்டறிதல்

1960களில் பெல் ஆய்வகத்தில் தூய சிலிக்கன் பரப்பின்மீது உலோகத்தைப் படியவைக்கும் நுட்பம் முதிர்ந்தது. முனைத்தொடுகையின் நிச்சயமின்மை நீங்கி, கணக்கீட்டோடு ஒப்பிடத்தக்க சமதளத் தொடுகைகள் கிடைத்தன. 1964இல் சே, குரோவெல், காங் ஆகியோர் ஒளிமின் முறையால் அரணின் தாழ்வை அளந்து, பிம்ப விசை குறைகடத்தியினுள்ளும் செயற்படுவதை உறுதிசெய்தனர். வெற்றிடக் குழாயில் 1914இல் கண்ட விளைவு, அதே அறிஞரின் பெயர்பெற்ற டையோடின் கசிவை விளக்க வந்து சேர்ந்தது.

ஆனால் அவ்விளைவு மட்டும் போதுமானதாக இல்லை. சிலிக்கனில் சென்டிமீட்டருக்கு 2 இலட்சம் வோல்ட் மின்புலம் நிலவும்போது, பிம்ப விசையால் அரண் ஏறத்தாழ 0.05 எலக்ட்ரான்வோல்ட் தாழ்கிறது. அறை வெப்பநிலையில் இதனால் கசிவு ஏறத்தாழ 7 மடங்கே கூடும். அக்காலத் தொடுகைகளில் கண்ட மிகுதியோ இதனினும் பன்மடங்கு பெரிது.

எஞ்சிய மிகுதிக்கான காரணத்தை 1968இல் லெப்செல்டரும் சேயும் காட்டினர். உலோகத் தகட்டின் ஓரம் கூர்மையாக முடிவதால் மின்புலம் அங்கே குவிகிறது. பரப்பின் நடுப்பகுதி தாங்கும் மின்னழுத்தத்திற்கு வெகு முன்னரே ஓரம் கசியத் தொடங்கி, முறிந்தும் விடுகிறது. இதனைத் தவிர்க்க அவர்கள் பிளாட்டினம் சிலிசைடுத் தொடுகையின் விளிம்பைச் சுற்றிப் பி-வகைக் காப்பு வளையம் ஒன்றைச் சிலிக்கனில் அமைத்தனர். அதன்பின் முன்னோக்கு, பின்னோக்கு ஆகிய இரு நிலைகளிலும் கோட்பாட்டிற்கு மிக நெருங்கிய வளைகோடுகள் கிடைத்தன. பின்னோக்கு நிலையில் பி–என் சந்தியைப் போன்றே கூர்மையான சரிவு முறிவு தோன்றியது.

இம்முடிவின் வரலாற்றுச் சிறப்பு கருவியின் மேம்பாட்டோடு நின்றுவிடவில்லை. முப்பதாண்டுகளாகப் பொருளின்மீதும் பரப்பின்மீதும் சுமத்தப்பட்டிருந்த குறையில் பெரும்பகுதி வடிவத்தின் குறை என்று தெளிவாயிற்று. 1938ஆம் ஆண்டுக் கோட்பாடு பெரிதும் சரியாகவே இருந்தது. அக்கோட்பாடு கொண்ட விளிம்பற்ற சமதளத்தை எந்தச் சோதனையும் அதுவரை பெற்றிருக்கவில்லை. இதற்கு ஒரு விலையும் இருந்தது. காப்பு வளையம் தானே ஒரு பி–என் சந்தி. மின்னோட்டம் மிகும்போது அது சிறுபான்மை மின்னூட்டங்களைச் செலுத்தி, நிலைமாறும் விரைவைக் குறைக்கக்கூடும்.

வெப்பத்தின் கணக்கு

விளிம்புக் குறை நீங்கிய பின்னும் சிலிக்கன் ஷாட்கி டையோடுகள் பெரும்பாலும் 200 வோல்ட்டுக்குள்ளேயே நின்றன. அதன் காரணத்தை எளிய கணக்கீட்டால் உணரலாம். என்-வகைச் சிலிக்கனுக்கு வழங்கும் ரிச்சர்ட்சன் மாறிலியைக் கொண்டு கணித்தால், 0.7 எலக்ட்ரான்வோல்ட் அரணுக்கு 300 கெல்வினில் கசிவு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 18 மைக்ரோஆம்பியர். அரணை 0.8 ஆக உயர்த்தினால் அது 50 மடங்கு குறையும். ஆனால் முன்னோக்கு வீழ்ச்சி 0.1 வோல்ட் கூடும். 5 வோல்ட் மின்வழங்கியில் இது 2 விழுக்காட்டு இழப்பு. மறுபுறம், 0.7 அரணுடைய டையோடு 400 கெல்வினை எட்டினால் கசிவு 27 மில்லிஆம்பியராகிறது. அதாவது 1500 மடங்கு. 100 வோல்ட்டில் அக்கசிவே சதுர சென்டிமீட்டருக்கு 2.7 வாட் வெப்பத்தை உண்டாக்கும். அவ்வெப்பம் கசிவைக் கூட்ட, அக்கசிவு மேலும் வெப்பத்தைக் கூட்டும். சரிவு முறிவை எட்டும் முன்பே டையோடு தன் வெப்பத்தால் அழியக்கூடும். எனவே உயர் மின்னழுத்தத்தில் உண்மையான எல்லையை வகுப்பது முறிவைவிடக் கசிவே.

இதற்கான தீர்வு விளிம்பிலிருந்து உள்நோக்கி நகர்ந்தது. 1983இல் வில்லமோவ்ஸ்கி, தொடுபரப்பின் உட்பகுதியிலும் பி-வகைப் பகுதிகளை இட்டு உயர் மின்னழுத்த ஷாட்கி டையோடு அமைக்கும் கருத்தை வெளியிட்டார். 1984இல் ஜெயந்த் பாலிகா இதே நெறியில் அமைந்த திருத்தியை வெளியிட்டார். சென்னையில் பிறந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969இல் பட்டம் பெற்றவர் பாலிகா. உலோகத்தின் அடியில் இடைவெளி விட்டுப் பி-வகைப் பகுதிகள் அமைகின்றன. முன்னோக்கு நிலையில் மின்னோட்டம் இடைவெளிகளின் வழியே உலோகத்தை அடைகிறது. பின்னோக்கு நிலையில் பி-வகைப் பகுதிகளைச் சூழ்ந்த இயக்கமில்லாப் பகுதிகள் விரிந்து ஒன்றோடொன்று இணைந்து இடைவெளியை மூடுகின்றன. மின்புலத்தின் உச்சம் உலோகத்தை விட்டு விலகிக் குறைகடத்தியின் உட்பகுதிக்குச் செல்கிறது. மின்னழுத்தத்தைச் சந்தி தாங்க, உலோகம் அதன் நிழலில் நிற்கிறது. பி-வகைப் பகுதிகள் அடைத்துக்கொள்ளும் பரப்பும், அதனால் சற்றே கூடும் முன்னோக்கு மின்தடையும் இம்முறையின் இழப்புகள்.

சிலிக்கன் கார்பைடு: பொருளா, வடிவமா?

பாலிகா 1982இல் வெளியிட்ட பொருள்ஒப்பீட்டு அளவுகோல், அகன்ற ஆற்றல் இடைவெளியுடைய குறைகடத்திகளின் மேன்மையைச் சுட்டியது. சிலிக்கனின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான்வோல்ட், 4எச் வகைச் சிலிக்கன் கார்பைடின் இடைவெளி 3.26. அது தாங்கும் மின்புலம் சிலிக்கனைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு. ஆகவே ஒரே மின்னழுத்தத்தைத் தாங்கப் பத்தில் ஒரு பங்கு தடிப்பே போதும். மாசூட்டலை ஏறத்தாழ 100 மடங்கு கூட்டலாம். கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் மாட்சுனாமி குழுவினர் 1980களில் வளர்த்தெடுத்த படிகப் படிவு நுட்பம், கருவிக்கேற்ற தரமான அடுக்குகளைத் தந்தது. 1992இல் பட்னாகர், மெக்லார்ட்டி, பாலிகா ஆகியோர் 400 வோல்ட் தாங்கும் சிலிக்கன் கார்பைடு ஷாட்கி டையோடை அறிவித்தனர். 2001இல் இன்ஃபினியான் நிறுவனம் 600 வோல்ட் வரையிலான டையோடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இவ்வரலாறு பொதுவாகப் பொருளின் வெற்றியாகவே கூறப்படுகிறது. அக்கூற்று முழுமையானதன்று. பொருள் பத்து மடங்கு மின்புலத்தைத் தாங்குகிறது என்றால், உலோகத் தொடுபரப்பும் அதே மின்புலத்தை எதிர்கொள்கிறது என்பதே பொருள். சென்டிமீட்டருக்கு 20 இலட்சம் வோல்ட்டில் பிம்ப விசையால் அரண் ஏறத்தாழ 0.17 எலக்ட்ரான்வோல்ட் தாழ்கிறது. சிலிக்கனில் 7 மடங்காக இருந்த கசிவு மிகுதி, இங்கே அறை வெப்பநிலையிலேயே 700 மடங்கைத் தாண்டுகிறது. அதனோடு மற்றொன்றும் சேர்கிறது. அத்தகைய மின்புலத்தில் அரண் மிக மெலிந்துவிடுவதால், வெப்பத்தால் சற்றே உயர்ந்த எலக்ட்ரான்கள் அதன் மேற்பகுதியை ஊடுருவிச் செல்கின்றன. இதற்கான கோட்பாட்டை படோவானி, ஸ்டிராட்டன் இருவரும் 1966இலேயே வகுத்திருந்தனர். 1932ஆம் ஆண்டின் ஊடுருவல் கருத்து தவறான திசையைக் காட்டியதற்காகக் கைவிடப்பட்டது. அத்'தவறான' திசையே கசிவின் திசை என்பதை இங்கு நோக்கவேண்டும்.

ஆகவே, சிலிக்கனில் வகுத்த பாதுகாப்பு சிலிக்கன் கார்பைடில் இன்னும் இன்றியமையாததாயிற்று. கியோட்டோக் குழுவினர் 1990களின் நடுவில் போரான் அயனிகளைச் செலுத்தி விளிம்பைக் காத்து, 1000 வோல்ட்டைக் கடந்த டையோடுகளை உருவாக்கினர். அதன்பின் வந்த வணிகக் கருவிகள் பலவும் உட்பகுதியிலும் பி-வகைப் பகுதிகளை ஏற்றுக்கொண்டன. அகன்ற ஆற்றல் இடைவெளி உயர்ந்த அரணுக்கு இடமளித்தது; அவ்வரணை அதன் உயரம் குலையாமல் காத்தது வடிவமைப்பே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஷாட்கி டையோடில் முறிவு மின்னழுத்தமும் கசிவு மின்னோட்டமும் தனித்தனிப் பண்புகள் அல்ல. தொடுபரப்பில் நிலவும் மின்புலத்தின் அளவும் இடமுமே இரண்டையும் தீர்மானிக்கின்றன. நீண்ட காலம் ஒன்றைக்கொண்டே மற்றொன்று வரையறுக்கப்பட்டும் வந்துள்ளது.

இரண்டாவது, கோட்பாட்டிற்கும் அளவீட்டிற்கும் இடையிலான வேறுபாடு எப்போதும் கோட்பாட்டின் பிழையாக இருப்பதில்லை. 1938ஆம் ஆண்டுக் கோட்பாடு தனக்குரிய சோதனையைப் பெற 1968 வரை காத்திருந்தது. கைவிடப்பட்ட ஊடுருவல் கருத்தோ, தனக்குரிய மின்புலம் வாய்த்த பின்னரே பொருந்தியது.

மூன்றாவது, இக்கருவியின் வளர்ச்சியைச் சிலிக்கனிலிருந்து சிலிக்கன் கார்பைடுக்கு நகர்ந்த பொருள்மாற்றமாக மட்டும் எழுதுவது பொருந்தாது. விளிம்பில் ஒரு வளையமாக நுழைந்த பி–என் சந்தி, பின்னர் உட்பரப்பெங்கும் பரவி, உலோகத்தின் காவலாக நின்றது. சந்தியற்ற டையோடு எனப் புகழப்பட்ட கருவி, சந்தியின் துணையாலேயே உயர் மின்னழுத்தத்தை எட்டியது. கல்லூரிகளில் இப்பாடத்தைக் கற்பிப்போர், இவ்விரு எண்களையும் அட்டவணையின் இருவேறு வரிகளாக நிறுத்தாமல், ஒரே மின்புலத்தின் வரலாறாக இணைத்துக் காட்டுவது மாணவர்க்குப் பெரிதும் பயன்தரும்.